நான்கும் சாவும் ஒரே சொல் அல்ல

'சீனத்தில் நான்குக்கும் சாவுக்கும் ஒரே சொல், அதனால் சீனர்கள் நாலைத் தொடவே மாட்டார்கள்' என்று ஒரு பேச்சு உண்டு. முதல் பாதியே தவறு. இரண்டும் வேறு சொற்கள், எழுத்தும் வேறு. ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் இரண்டும் 'ஸேய்'தான், ஆனால் சுரம் (குரலின் ஏற்ற இறக்கம்) மாறும். சீனாவின் பொதுமொழியான மாண்டரினிலும் அதே கதை: நான்குக்குக் குரல் சட்டென இறங்கும், சாவுக்குத் தாழ்ந்து நிற்கும். காதுக்கு நெருக்கம், அவ்வளவுதான். எட்டுக்கு யோகம் அடித்ததும் இப்படித்தான்: கான்டனீஸில் எட்டு 'பாத்', செழிப்பு 'ஃபாத்'. பெய்ஜிங் ஒலிம்பிக்கை 8.8.2008 இரவு 8 மணிக்குத் தொடங்கினார்களே!

ஹாங்காங்கில் பல கட்டடங்களில் 4, 14, 24-ஆம் மாடிகள் இருக்காது என்பது சரி (மாடி இருக்கும், எண்தான் மாயம்). ஆனால் சீன மரபுத்தொடர்களில் பெரும்பாலானவை நான்கெழுத்துத் தொடர்கள். அவற்றை யாரும் ஒதுக்கவில்லை.