பாட்டோடு மெட்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள்

ஆச்சியிடம் ஒப்பாரி பாடச் சொல்லி ஒருநாள் போனை நீட்டினேன். "நல்லா இருக்கிற வீட்ல ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து அவளாகவே வயக்காட்டுக்குக் கூட்டிப் போய், வரப்பில் உட்கார்ந்து பாடினாள். நடுவில் தாத்தா பெயர் வந்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நானும் போனை அணைத்துவிட்டேன்.

நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பு என்றாலே எனக்கு அந்த வரப்புதான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் இடமும் நேரமும் உண்டு. கிணற்றில் ஏற்றம் போட்டு நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டில், எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கே பாட்டுக்குள் வரும். பம்புசெட் வந்தது, ஏற்றம் போனது, பாட்டும் கூடவே போனது. நடவுப் பாட்டுக்கும் இப்போது அதே கதிதான்.

பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்தார். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா.வானமாமலை கதைப்பாடல்கள் பலவற்றைத் தேடிப் பதிப்பித்தார். இவர்களுக்கெல்லாம் நாம் பெரிய கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அச்சில் சொல்தானே நிற்கும்? மெட்டும் இழுப்பும் மூச்சு வாங்கும் இடமும் காதால் கேட்டால்தான் உண்டு.

கருவிகள் விஷயத்தில் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். உறுமியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் உறுமுமா? வளைந்த குச்சியால் தோலை எப்படித் தேய்த்தால் அந்த ஒலி வரும் என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. பறைக்குக் கட்டையை இணைத்து வட்டமாக்குவது, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுவது, அடிக்கும் முன் தீயில் காய்ச்சுவது எல்லாமே தனித்தனி வித்தை. அந்த வித்தை தெரிந்தவர்களைச் சாதியின் பேரால் ஒதுக்கி வைத்துவிட்டு, கருவியை மட்டும் பாரம்பரியம் என்று மேடையேற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல கூலியும் மரியாதையும் முதலில் அவர்களுக்குப் போகட்டும்.

சரி, வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்காருங்கள். சம்மதம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றது, எப்போது பாடுவது என்பதையெல்லாம் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வீடியோவை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். பரணில் பழைய கேசட் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் முன் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

ஆச்சி பாடியது பாதியோடு என் போனில் இருக்கிறது. மீதியைப் பாடச் சொல்லிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அந்த மெட்டில் சின்ன ஆச்சிக்கு நிறையப் பாட்டுத் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போகிறேன்.