மானியப் பட்டியலை ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள்

விவசாய மானியம் யார் யாருக்குப் போனது என்று ஊரறியச் சொல்லுங்கள் என்றால், "அது தனிப்பட்ட விவரம்" என்று ஒரு பதில் வருகிறது. கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

நூறு நாள் வேலையில் மண் சுமந்த பாட்டியின் பெயர், எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி ஏறியது எல்லாமே வருடக்கணக்காக இணையத்தில் கிடக்கிறது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பாட்டிக்கு அந்தரங்கம் கிடையாதா? கூலி வாங்குகிறவர் கணக்கை ஊரே பார்க்கலாம், டிராக்டருக்கு மானியம் வாங்கியவர் கணக்கைப் பார்க்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். பிரதமரின் கிசான் திட்டம்: வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. கொரோனா நேரத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் விவசாயிகளாகப் பதிவானார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது. கொரோனா நிவாரணம் வருகிறது என்று சொல்லி ஏழைகளிடம் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிப் போனார்கள் புரோக்கர்கள். தாங்கள் எந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டோம் என்பதே பலருக்குத் தெரியாது. தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. அப்புறம் சிபிசிஐடி வந்தது, வங்கிக் கணக்குகளில் இருந்து பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள்.

இத்தனைக்கும் அந்தத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் ஊர்வாரியாக இணையதளத்தில் இருந்தது. யார் தேடிப் போய்ப் பார்த்தார்கள்? இணையத்தில் ஏற்றிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. அதே பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், எந்த மானியம், எவ்வளவு தொகை. "இந்த சர்வே நம்பர் ஏரிப் புறம்போக்கு ஆச்சே" என்று ஒருவர் சொல்வார். "இவர் நிலத்தை வித்துட்டு சென்னைக்குப் போய் வருஷம் ஆச்சே" என்பார் இன்னொருவர். எந்தக் கம்ப்யூட்டரும் இதைக் கண்டுபிடிக்காது. யார் எந்த வயலில் உழுகிறார் என்பது ஊருக்குத்தான் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? வேண்டாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் எதற்கு? அவற்றை மறைத்தே ஆக வேண்டும். சின்னத் தொகை வாங்குகிறவரைச் சங்கடப்படுத்தவும் தேவையில்லை. ஐரோப்பாவில் விவசாய மானியம் வாங்கிய தனிநபர் பெயர்களை வெளியிட்ட விதிகளை 2010-ல் அங்குள்ள நீதிமன்றம் ரத்து செய்தது. 2013-ல் புது விதி கொண்டுவந்து, 1,250 யூரோ வரை வாங்கும் சிறு விவசாயியின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்றவர்களை வெளியிட்டார்கள். மனமிருந்தால் வழி இருக்கிறது.

நம் சட்டத்திலும் இருக்கிறது. 2005-ன் தகவல் உரிமைச் சட்டம், 4-வது பிரிவு, மானியத் திட்டங்களின் ஒதுக்கீட்டையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் மனு போடாமலே வெளியிடச் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தில் தனிப்பட்ட தகவல் பற்றிய விதிவிலக்கில், பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று இருந்த வரியை 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துவிட்டது. தர மனமில்லாத அதிகாரிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனாலும் பொதுநலனுக்காகத் தரலாம் என்று சொல்லும் இன்னொரு பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2), இன்னும் இருக்கிறது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கள்ளப் பெயரைப் பிடிப்பதற்கு மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. பட்டியலில் யார் இல்லை என்பதும் தெரிய வேண்டும். கிசான் பணம் நிலத்தின் சொந்தக்காரருக்கு. குத்தகைக்கு எடுத்து நாற்று நட்டு, கடன் வாங்கி உரம் போட்டவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. மாமனார் இறந்தும் பட்டா மாறாததால் தவிக்கிற பெண்கள் எத்தனை பேர்! அடுத்த கிராம சபையில் வேளாண் உதவி அலுவலரைப் பட்டியலோடு வரச் சொல்லுங்கள், ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போனவர்கள் அங்கேயே எழுந்து கேட்கட்டும்.