உங்கள் புண்ணியம் எங்கள் மொட்டைமாடியில் விழுகிறது

புறாவுக்குத் தீனி போடுகிற புண்ணியவான்களுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டை மூட்டையாக அரிசியும் கம்பும் வாங்கி உங்கள் மாடியில் கொட்டுகிறீர்கள், சரி. அது செரித்து வெளியே வருவதையும் உங்கள் மாடியோடு நிறுத்திக்கொள்ள ஏதாவது வழி உண்டா? இல்லையென்றால் சேருகிற புண்ணியத்தில் பாதியையாவது எங்கள் பெயருக்கு எழுதி வையுங்கள். தேய்த்துக் கழுவுகிறது நாங்கள்தானே.

நாங்கள் இருப்பது சென்னையின் தெற்குப் பக்கம், பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குக் கிட்டே. கீழே வீடு, மேலே மொட்டைமாடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் செடி, எங்கள் வீட்டுக்காரருக்குப் பறவை என்று பாகம் பிரித்துக்கொண்டோம். மாசி போய்ப் பங்குனி பிறந்தால் ஊரே வெயிலைத் திட்டும். எங்களுக்கு அதுதான் வருடத்திலேயே நல்ல காலம். குண்டுமல்லி மொட்டு வைக்கும். இருட்டு பிரியும் முன்பே எதிர்வீட்டு ஆன்டெனாவில் குண்டுக்கரிச்சான் உட்கார்ந்து கச்சேரியை ஆரம்பிக்கும், பின்னாலேயே குயில். பெரும்பாக்கம் ஏரிக்கு வலசை வந்த நீலச்சிறகி வாத்துகள் வடக்கே கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று இவர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பெங்களூரிலிருந்து மகள் பேரனோடு வருவாள், மதுரையிலிருந்து நாத்தனார் வருவார், நடுவில் ஒரு வாரம் சம்பந்தி வீட்டார். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால் ராத்திரி பத்து மணி வரை பேச்சுதான். பேரனுக்கு அங்கேயே நிலாச் சோறு.

இப்போது மாடிக்குப் போவதென்றால் முதலில் முகக்கவசம், அப்புறம் துடைப்பம்.

பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையில் விஷயம் முடிந்திருக்கும். மார்கழியில் கோயில் பொங்கல் கொண்டுவந்து கொடுக்கிற மனுஷர். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, வாளி நிறைய தானியத்தோடு மாடி ஏறுவார். அவர் வருவதற்கு அரை மணி முன்பே புறாக்கள் எங்கள் தண்ணீர்த் தொட்டி மேலும் கைப்பிடிச் சுவர் மேலும் வரிசை கட்டிவிடும். அவர் மாடியில் பந்தி. சாப்பிட்ட பிறகு அங்கே ஒரு நிமிடம் இருக்காது. அங்கே நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் மாடியில் பந்தல் நிழல் உண்டு, குருவிகளுக்கு வைத்த மண் தட்டில் தண்ணீர் உண்டு. ஆக, சாப்பாட்டுக்கூடம் அவர் வீடு, கழிப்பறை எங்கள் வீடு.

கொத்தமல்லி விதைத்தால் முளைக்காது. முளைக்க எங்கே விடுகிறது? விதைத்த தொட்டியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பொறுக்கித் தின்றுவிடும். சிறுகீரை இரண்டு இலை விட்டதும் மொட்டையாகும். நிழல்வலை கட்டினேன். வலை மேல் உட்கார்ந்து எச்சமிட்டது, அது வலைக்கண் வழியாகக் கீழே புதினா மேல் இறங்கியது. அந்தப் புதினாவைத் துவையல் அரைக்க யாருக்கு மனசு வரும்? பழைய சிடி கட்டித் தொங்கவிட்டேன். முதல் நாள் பயந்தன. அப்புறம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணாடி பார்த்தன. பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்ததும் இதே கதைதான். ஆந்தையின் முதுகுக்குப் பின்னால் நாலு குச்சியைப் போட்டு, அதைக் கூடு என்று சொல்லி, முட்டை வைத்துவிட்டது ஒன்று. நாலு குச்சி என்றால் நாலே குச்சி. தேன்சிட்டு ஒட்டடை சேர்த்து, சருகு சேர்த்து, நாள் கணக்கில் பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோம்பேறித்தனத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

இதில் யோசனை சொல்லவே பிறந்தவர்கள் வேறு. “புறா எச்சம் நல்ல உரமாச்சே, செடிக்குப் போட வேண்டியதுதானே?” பச்சை எச்சத்தை நேரே போட்டால் செடி கருகும் ஐயா. மட்க வைத்துத்தான் போட வேண்டும். மட்க வைக்க முதலில் அதைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டினால் பறக்கிற தூசிதான் நுரையீரலுக்குள் போய் உட்காருகிறது. இந்தத் தூசியை நாள்பட மூச்சில் இழுத்தால் சிலருக்கு நுரையீரலில் அழற்சி வந்து, முற்றினால் திசுவே தடித்து இறுகிப்போகும். எச்சத்தில் வளர்கிற கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் மூளையுறை வரைக்கும் போகக்கூடியது. ஓசி உரம் வேண்டுமென்றால் வாருங்கள், துடைப்பத்தை நான் தருகிறேன்.

“நீங்கள்தான் பறவை பிரியர்களாச்சே, உங்களுக்கு எதற்குப் புறா மேல் இவ்வளவு கோபம்?” என்று ஒரு கேள்வி வரும். பறவை மேல் பிரியம் இருப்பதால்தான் கோபம். மற்ற பறவைகளுக்கு ஏன் ஒரு பருவம் இருக்கிறது? தேன்சிட்டு தேன் குடிக்கும், ஆனால் குஞ்சை வளர்க்கப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். அவை கிடைக்கிற காலம் பார்த்துத்தான் அது கூடு கட்டும். புறாவுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. ஆணும் பெண்ணும் இரண்டுமே கழுத்துப் பையில் ஒரு பாலைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் தானியம் கிடைத்தால் போதும், குஞ்சு வளர்ந்துவிடும். முட்டையிட்டுப் பதினெட்டு நாளில் குஞ்சு, ஒரு மாதத்தில் பறக்கும், அதற்குள் அடுத்த ஈடு முட்டை. பங்குனியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். நீங்கள் தினமும் வாளியைத் தூக்குகிறவரை அதற்கு வருடம் முழுக்க வசந்தகாலம்.

மலைப்பாறை இடுக்கில் கூடு வைக்கிற வம்சம் அது. நாம் மாடிக்கு மேல் மாடியாக, ஜன்னல் விளிம்பும் ஏசி பெட்டிச் சந்துமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அதற்கு இவையெல்லாம் பாறைதான். வீடு நாம் கொடுத்தாயிற்று, சாப்பாடு நீங்கள் கொடுக்கிறீர்கள். 2023-ல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சுமார் 30,000 பறவை பார்ப்பவர்கள் போட்ட பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. அதில் 178 இனங்கள் மிகுந்த கவலைக்குரியவை என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். பெருகிக்கொண்டு போகிற சிலவற்றில் மாடப்புறா ஒன்று. எங்கள் வீட்டுக்காரரும் பொங்கல் சமயத்தில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் மாடிப் பட்டியலைப் போடுவார். அதில் மாடப்புறா என்ற வரியில் எண் போடும்போது மட்டும் பல்லைக் கடிப்பார்.

மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் உள்பட எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். “சிட்டுக்குருவியைக் காப்போம்.” குருவிக்கு என்று நான் சின்னக் கிண்ணத்தில் வைக்கிற நொய்யை ஒரு குருவி நிம்மதியாகக் கொத்த முடிந்ததில்லை. நாலு தடியன்கள் வந்து இடித்துத் தள்ளிவிட்டுத் தின்றுவிட்டுப் போகும். கிண்ணம் வைப்பதையே விட்டுவிட்டேன்.

இந்த வருடம் விஷயம் எங்கள் இரண்டு பேருக்குள் சண்டையாகவே மூண்டது. மாடி முழுக்கப் புறா வலை அடித்துவிடலாம் என்றேன். ஆள் வந்து அளந்து, சதுர அடிக் கணக்கில் ஒரு தொகையும் சொல்லிவிட்டுப் போனான். அதே வாரம் துணி காயப்போடும் பழைய கம்பியில் ஊதாத் தேன்சிட்டு கூடு கட்ட ஆரம்பித்தது. இவர் வலைக்கு ஒரே பிடியாகத் தடை போட்டுவிட்டார். “குஞ்சு பறக்கிற வரைக்கும் மாடியில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.” சரி, தேன்சிட்டுக்காகப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் நடந்தது என்ன? சிந்திய தானியத்துக்குப் புறா மட்டுமா வரும்? பெருச்சாளி வந்தது, காக்கை வந்தது. தானியம் தீர்ந்ததும் காக்கை சும்மா போகுமா, எங்கள் பந்தல் பக்கம் நோட்டம் விட்டது. ஒருநாள் மத்தியானம் கூட்டைப் பிய்த்துக் கீழே போட்டிருந்தது. காக்கையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அதன் பிழைப்பு அது. அத்தனை காக்கைகளைத் தினமும் ஒரே இடத்துக்கு வரவழைத்தது யார்? இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தேன்சிட்டுக்குத் துக்கம் காக்கிற அறுபத்து மூன்று வயது ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன்.

அப்புறம் மகள் வந்தாள். பேரனுக்கு இழுப்பு உண்டு. போன டிசம்பரில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “வீட்டுப் பக்கம் புறா இருக்கிறதா?” அவள் மாடிக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள், சாத்தினாள், தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள். “அம்மா, அவன் இங்கே ஏறக் கூடாது.” பதினைந்து நாள் இருப்பதாகச் சொல்லி வந்தவள் ஒரு வாரத்தில் பெட்டி கட்டினாள். தாத்தாவோடு பறவை பார்க்கலாம் என்று குட்டி பைனாகுலரோடு வந்த பிள்ளை, ஏசி அறைக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனில் கார்ட்டூன் பார்த்துவிட்டுப் போனான். இந்தக் கணக்கை எந்தப் புண்ணியத்தில் கழிப்பது?

அன்றைக்குத்தான் நேரே போய்ப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினேன். “சார், கொஞ்சம் குறைச்சுக்கலாமே? பேரனுக்கு மூச்சு முட்டுது.”

“வாயில்லா ஜீவன் அம்மா. நாம போடலேன்னா யார் போடுவா? ஒரு புறாவுக்காகத் தொடையையே அறுத்துக் கொடுத்தார் சிபி சக்கரவர்த்தி!”

சிபி தன் தொடையை அறுத்துக் கொடுத்தார் சார். பக்கத்து வீட்டுக்காரன் தொடையை இல்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதிலிருந்து கோயில் பொங்கல் வருவதில்லை.

நானும் தீனி போடாதவள் இல்லை. சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு கைப்பிடி வைக்கிறேன். வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுகிறேன், எறும்பு தின்னட்டும். ஒரு கைப்பிடிக்கும் ஒரு வாளிக்கும் வித்தியாசம் இல்லையா? நாம் போடாவிட்டால் அவை பட்டினி கிடந்து சாகும் என்பதும் வெறும் பயம். இறக்கை இருக்கிறது, தேடிக்கொள்ளும். தீனி குறைந்தால் அதற்குத் தகுந்தபடி குஞ்சும் குறையும். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் 1988-ல் இதைத்தான் செய்தார்கள். முன்பு வருடக் கணக்காகப் பிடித்துக் கொன்று பார்த்தும் குறையாத கூட்டம், “தீனி போடாதீர்கள்” என்று ஜனங்களிடம் எடுத்துச் சொன்னதில் நாலைந்து வருடத்தில் ஏறக்குறைய பாதியானது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2003-லேயே தீனி போடத் தடை வந்தது. வெனிஸில் 2008-ல் தீனி விற்கிறவர்களையே வெளியேற்றினார்கள். நம் நாட்டிலும் மும்பையில் 2025-ல் கபூதர்கானா என்கிற, புறாவுக்குத் தீனி போடும் இடங்கள் 51-ஐ மூட உத்தரவு வந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தாதரில் மூடிப் போட்ட தார்ப்பாயை ஒரு கூட்டம் வந்து கிழித்து எறிந்ததையும் டிவியில் பார்த்தோம். நீதிமன்றம் சொல்லியே கேட்காத இடத்தில் நான் போய் “சார், கொஞ்சம் குறைச்சுக்கலாமே” என்று கேட்டிருக்கிறேன்!

புண்ணியம்தான் குறி என்றால் வழியா இல்லை? இந்த வெயிலில் ஒரு மண் தட்டில் தண்ணீர் வையுங்கள், எல்லாப் பறவையும் குடிக்கும். வாசலில் ஒரு செம்பருத்தி நடுங்கள், தேன்சிட்டு தானாக வரும். அந்தத் தானிய மூட்டையை ஏதாவது ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுங்கள். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, போட்டதும் நூறு இறக்கை படபடவென்று வந்து இறங்குகிற அந்த ஜோர் வேண்டும், அப்படித்தானே?

கூடு போய்விட்டதால் இனி வலைக்குத் தடை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறான். வலைக்குள் புறா வராது, தேன்சிட்டும் வராது. எங்கள் மாடியில் நாங்களே கூண்டுக்குள் உட்கார்ந்து வெளியே பறக்கிற பறவையைப் பார்க்க வேண்டியதுதான். அதற்குக் கொடுக்கிற காசில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று இவர் புலம்புகிறார்.

நேற்று மதுரையிலிருந்து நாத்தனார் போன் செய்தார். அடுத்த வாரம் வருகிறாராம். “உங்க வீட்டு மாடியில நிறையப் புறா வருமாமே, அதுக்குப் போட ரெண்டு கிலோ கம்பு வாங்கிட்டு வரவா?”

“வாங்கிட்டு வாங்க அண்ணி. நல்ல வெயில், நாம கூழ் காய்ச்சிக் குடிக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.