ரொட்டித் தட்டை எப்படிக் கைமாற்றுவது

மார்மன் சபைக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து நேரம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் டை கட்டிக்கொண்டு தட்டுகளை எடுத்து வருவார்கள். முதலில் பிய்த்துப் போட்ட ரொட்டி, பிறகு விரல் உயரக் கிண்ணங்களில் தண்ணீர். (திராட்சை ரசம் கிடையாது. மதுவைத் தொடாத சபை.) பையன் வரிசையின் ஓரத்தில் தட்டைக் கொடுத்துவிட்டு நிற்பான். உட்கார்ந்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் நீட்டுவார்கள். யார் எடுக்கவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே பாலினத்தவரோடு வாழ்கிற உறுப்பினர் மீது சபை நடவடிக்கை எடுத்திருந்தால் அவர் அந்த ரொட்டியை எடுக்கக்கூடாது. நடவடிக்கை இல்லாமலே மனம் ஒப்பாமல் எடுக்காதவர்களும் உண்டு. பக்கத்தில் இருப்பவர் இங்கே இரண்டு விதமாகச் சொதப்புவார். ஒன்று, அவர் எடுக்கிறாரா என்று இரண்டு நொடி பார்ப்பது. இன்னொன்று, நல்லெண்ணத்தோடுதான், அவரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவர் மடிக்கு மேலாகக் கையை நீட்டி அடுத்தவரிடம் தட்டைக் கொடுப்பது. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும். உனக்கு இது இல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எல்லாரிடமும் நீட்டுவதுபோல் அவரிடமும் நீட்டுங்கள், கண்ணைத் தட்டிலேயே வையுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவர் பாடு.

சபைக்குள் இருந்துகொண்டே தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமையருக்குச் சத்தமில்லாமல் துணை நிற்பது என்றால் பெரும்பாலும் இந்த அளவு காரியம்தான். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் ஏன் அப்படிப் பார்க்கவில்லை என்று சொல்லவே இந்தப் பதிவு.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்று கூப்பிட வேண்டாம் என்று 2018இல் தலைமை கேட்டுக்கொண்டது. படிப்பவருக்குப் புரியட்டும் என்று இங்கே மார்மன் என்றே எழுதுகிறேன். தலைமையகம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. தன்பாலீர்ப்பு உணர்வு பாவமல்ல, அதன்படி உறவு கொள்வதுதான் பாவம் என்பது நிலைப்பாடு. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று 1995இல் வெளியிட்ட குடும்பப் பிரகடனம் பல வீடுகளில் படம்போலச் சட்டகம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. இவர்களுக்குத் திருமணம் இந்த வாழ்வோடு முடிவதில்லை, நித்தியத்துக்கும் தொடர்வது. குடும்பம் இல்லாதவருக்கு மறுமையிலும் என்ன இடம் என்ற கேள்வி அப்படித்தான் எழுகிறது.

நம் ஊரில் போதகர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெரு சபைக்குப் போய்விடலாம். இங்கே முடியாது. நீங்கள் குடியிருக்கும் விலாசம்தான் உங்கள் வார்டை, அதாவது உள்ளூர் சபையை, தீர்மானிக்கிறது. சில நூறு பேர் கொண்ட வார்டுக்கு ஒரு பிஷப். அவர் இறையியல் படித்தவர் அல்ல, சம்பளமும் இல்லை. பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பார், ஐந்து வருடம்போல பார்த்துவிட்டு விடுபடுவார். ஒரு பிஷப் தன்பாலீர்ப்புள்ள இளைஞனை அணைத்துக்கொள்வார், அடுத்து வருபவர் அதே இளைஞனைக் கூப்பிட்டு விசாரிப்பார். இதை அங்கே சூதாட்டச் சக்கரத்துக்கு ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

அந்த வார்டில் துணை மிகவும் தேவைப்படுவது, இன்னும் யாரிடமும் வாய் திறக்காத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு. அது வந்து கேட்காது. கேட்காமலே கண்ணில் படுகிற ஒன்று வேண்டும், அதுவும் ஒவ்வொரு வாரமும். ஒரு ஞாயிறு ஆவேசமாகப் பேசிவிட்டு மறுமாதம் சபையை விட்டுப் போகிறவரால் அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலனில்லை. போகிறவரை நான் குறை சொல்லவில்லை. போக வேண்டிய நியாயம் அவருக்கு இருக்கும். பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, அவ்வளவுதான்.

கண்ணில் படுகிற அடையாளங்களில் எளிதானது வானவில் பின். கோட்டின் கழுத்து மடிப்பிலோ, பெண்கள் என்றால் பைபிள் பையின் வாரிலோ குத்திக்கொள்ளலாம். இரண்டு சென்டிமீட்டர் போதும். மேடையிலிருந்து தெரிய வேண்டியதில்லை, கை குலுக்கும் தூரத்தில் தெரிந்தால் சரி. ஜூன் மாதம் மட்டும் குத்தினால் அது திருவிழா வேஷம் ஆகிவிடும். பிஷப் கேட்டால் என்ன சொல்வது? "நோவாவுக்குக் காட்டின வானவில்தானே" என்று சிரித்து மழுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அந்தப் பதில் வராண்டாவில் நிற்கும் பிள்ளையின் காதில் விழுந்தால் பின் குத்தியதே வீண். "யாராவது ஒருவர் இங்கே தனியாக உட்கார்ந்திருந்தால், என்னிடம் பேசலாம் என்று அவருக்குத் தெரியட்டும்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. ஆலயத்துக்கு மட்டும் வேண்டாம். (ஞாயிறு கூடுகிற சபைக்கூடம் வேறு, திருமணம் போன்ற சடங்குகள் நடக்கும் ஆலயம் வேறு.) அங்கே எல்லாரும் வெள்ளை உடுத்துவதற்கு, எந்த வேறுபாடும் தெரியக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

ஆலயம் என்றதும் பரிந்துரைச் சீட்டு பற்றிச் சொல்ல வேண்டும். ஆதரவாளர்கள் ஏன் சத்தம் போடுவதில்லை என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது. ஞாயிறு வழிபாட்டுக்கு யாரும் வரலாம், ஆலயத்துக்குள் போகச் சீட்டு வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வார்டு மட்டத்தில் ஒன்று, அதற்கு மேல் ஸ்டேக் (பல வார்டுகள் சேர்ந்த வட்டம்) மட்டத்தில் ஒன்று என இரண்டு நேர்காணல். கேள்விகளில் ஒன்று, சபைப் போதனைக்கு முரணான எதையாவது ஆதரிக்கிறீர்களா, பரப்புகிறீர்களா என்பது. சீட்டு இல்லையென்றால் சொந்த மகளின் ஆலயத் திருமணத்தைப் பார்க்க முடியாது, தாயும் தகப்பனும் வெளியே காத்திருக்க வேண்டும். சபை நடத்தும் பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் சம்பளமும் அதில் தொங்கும்.

பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். சபையின் உயர் தலைமையான பன்னிருவர் குழுமத்தில் அப்போது இருந்த டாட் கிறிஸ்டோஃபர்சன் 2015 மார்ச்சில் தொலைக்காட்சிப் பேட்டியில் இதைத் தெளிவாக்கினார். ஒரே பாலினத் திருமணத்தை ஆதரிப்பதும் அதைச் சமூக வலைத்தளத்தில் சொல்வதும் மட்டும் ஒருவரின் உறுப்பினர் நிலைக்கு ஆபத்தாகாது, சபையைத் தாக்கி ஆள் சேர்ப்பது வேறு என்றார். அவருடைய தம்பி டாம் வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளர் என்பதும் ஊரறிந்த செய்தி. நேர்காணலில் மனசாட்சிப்படி ஆம், இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். கேட்காத கேள்விக்கு அங்கே உரை நிகழ்த்தித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஞாயிறுக் கூட்டத்தின் இரண்டாம் பாதி வகுப்பு. வாய்க்கு வந்ததை யாராவது சொல்வது பெரும்பாலும் இங்கேதான். அப்போது மட்டும் அமைதி கூடாது. பத்து நொடிக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும், தாமதித்தால் வகுப்பு மொத்தமும் ஒப்புக்கொண்டது போலாகிவிடும். வாதம் வேண்டாம். "நாம் பேசிக்கொண்டிருப்பது இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பற்றியும் இருக்கலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும். குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நான்காவது வாக்கியத்துக்குப் போனீர்களானால் விவாதம் உங்களைப் பற்றியதாகிவிடும், அந்தப் பிள்ளையை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

வேதத்திலிருந்தே பேச முடிந்தால் இன்னும் நல்லது. பாடத்திட்டம் நான்கு வருடச் சுழற்சி. 2022இல் பழைய ஏற்பாடு வந்தது, 2026இல் மறுபடி. ஆதியாகமம் 19 வரும்போது சோதோமை யாராவது கட்டாயம் இழுப்பார். எசேக்கியேல் 16:49ஐ முந்தைய இரவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதோமின் அக்கிரமமாகத் தீர்க்கதரிசி அங்கே எண்ணுவது கெர்வத்தையும் வயிறு நிறைந்த சுகத்தையும், எளியவனுக்குக் கை கொடுக்காததையும். அடுத்த வசனத்தில் அருவருப்பு என்றும் வருகிறது, எதிராளி அதைக் காட்டுவார், அதற்கும் தயாராகப் போங்கள். என்னைக் கேட்டால் அதைவிட வலுவானது ஏசாயா 56. "இதோ, நான் பட்டமரம்" என்று அண்ணகன் (ஆண்மை நீக்கப்பட்டவன்) சொல்லவேண்டாம் என்று கர்த்தர் சொல்லி, குமாரர் குமாரத்திகளுக்கு உரியதைவிட மேலான இடத்தை அவனுக்கு வாக்களிக்கிற பகுதி. குடும்பமே எல்லாம் என்கிற சபையில் அந்த வசனத்தை ஒருவர் சத்தமாக வாசித்தாலே போதும், விளக்கவுரை வேண்டியதில்லை.

ஆசிரியராக இருப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வகுப்பு முடிவில் கண்ணில் பட்டவரைப் பார்த்து, "நீங்க ஜெபம் பண்ணுங்க" என்று சொல்வது வழக்கம். சபை நடவடிக்கையில் இருப்பவர் பொதுவில் ஜெபிக்கக்கூடாது. அத்தனை பேர் முன்னால் அவர் முடியாது என்று சொல்ல வேண்டிவரும். வகுப்புக்கு முன்பே ஒருவரைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. முதல் ஞாயிறு உபவாச சாட்சிக் கூட்டத்தில் யாரும் மேடையேறிப் பேசலாம். அங்கே போய்ச் சொல்லிவிடு என்று ஒரு பிள்ளையை மட்டும் தூண்டாதீர்கள். 2017இல் யூட்டாவில் ஒரு 12 வயதுச் சிறுமி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மைக் நிறுத்தப்பட்டது.

ஒருவர் உங்களிடம் மனம் திறந்தால் முதல் கேள்வி, "இது வேறு யாருக்குத் தெரியும்?" என்பதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் கவனித்துக்கொள்ளும்படி சபை ஒப்படைத்த குடும்பங்களைப் பற்றித் தலைவர்கள் விசாரிப்பார்கள். அக்கறையாகச் சொல்வதாக நினைத்து அங்கே இதைச் சொல்லிவிடுகிறவர்கள் ஏராளம். அங்கிருந்து பிஷப் அறைக்கு அதிக தூரம் இல்லை. பதினெட்டு வயதாகும் பையனிடம் மிஷன் (சபைக்கான ஊழியப் பயணம்) எப்போது, திரும்பி வந்தவனிடம் பெண் பார்த்தாயா என்று கேட்பதை முதலில் உங்கள் வாயிலிருந்தே நிறுத்துங்கள். "இந்த வருஷம் என்ன மும்முரம்?" என்று கேட்டாலும் பேச்சு ஓடும்.

பெற்றோர் வந்து அழுதால் கையில் கொடுக்க ஒன்று இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் குடும்ப ஏற்புத் திட்டம் 2012இல் மார்மன் குடும்பங்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. அத்திட்டத்தை நடத்தும் கெய்ட்லின் ரயன் குழுவின் 2009 ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கிய இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது, குடும்பம் ஒதுக்காத அல்லது குறைவாகவே ஒதுக்கியவர்களைவிட எட்டு மடங்குக்கும் மேல். கொள்கையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கையேடு கேட்கவில்லை. வீட்டை விட்டு விரட்டாதீர்கள், நண்பர்களைத் தடுக்காதீர்கள், மற்றவர் இழிவாகப் பேசும்போது விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறது. பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் ரகசியக் காப்பு எல்லாம் பிறகு. அமெரிக்காவில் 988ஐ அழைக்க வேண்டும்.

சபை சீக்கிரம் மாறிவிடும் என்று யாருக்கும் ஆறுதல் சொல்லாதீர்கள். 2008இல் கலிபோர்னியாவில் ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்கும் எட்டாம் முன்மொழிவுக்கு உழைக்கச் சொல்லிக் கடிதம் வாசிக்கப்பட்டது. 2012 ஜூனில் சில நூறு மார்மன்கள் ஞாயிறு உடையிலேயே சால்ட் லேக் வானவில் பேரணியில் நடந்தார்கள். 2015 நவம்பரில் ஒரே பாலினத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஞானஸ்நானம் இல்லை என்று விதி வந்து, 2019 ஏப்ரலில் விலக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் திருநர் மீதான விதிகள் இறுகின. பாலின மாற்றம் மேற்கொண்டவர் ஆசிரியராகவோ பிள்ளைகளோடு பணியாற்றவோ முடியாது. இந்தத் திசையில்தான் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த 2024 விதிகளில் கழிப்பறை பற்றியும் இருக்கிறது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் அறை இருந்தால் அது. இல்லையென்றால், உள்ளே வேறு யாரும் இல்லை என்று நம்பிக்கையான ஒருவர் பார்த்துக்கொள்வதும் ஒரு வழி. விதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த 'நம்பிக்கையான ஒருவர்' யாரோ ஒருவராக இருக்கத்தான் போகிறார், நீங்களாக இருங்கள். காவல்காரர் மாதிரி கைகட்டி நிற்காமல், வராண்டாவைப் பார்த்தபடி போனையோ பாட்டுப் புத்தகத்தையோ புரட்டிக்கொண்டு நில்லுங்கள். யாராவது வந்தால், "ஒரு நிமிஷம், உள்ளே ஆள் இருக்கு" என்றால் முடிந்தது.

அப்புறம் சாப்பாட்டுப் பட்டியல். வார்டில் யாருக்காவது குழந்தை பிறந்தால், அறுவை சிகிச்சை என்றால், பெண்களின் ஒத்தாசைச் சங்கத்தில் ஒரு தாள் சுற்றும். எந்த நாள் யார் இரவு உணவு கொண்டுபோவது என்று எழுதிக்கொள்வார்கள். வார்டு எல்லைக்குள் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்து, ஒருத்திக்கு அறுவை சிகிச்சை என்றால் அந்தத் தாள் தானாகச் சுற்றாது. வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள், யாருக்கும் தோன்றியிருக்காது. நீங்களே ஒரு தாளில் இருவர் பெயரையும் எழுதி, முதல் நாளில் உங்கள் பெயரைப் போட்டு, பக்கத்தில் கொடுங்கள். காலியான தாளுக்கு முதல் பெயர் எழுதத்தான் எல்லாரும் தயங்குவார்கள், இரண்டாம் பெயருக்கு அந்தத் தயக்கம் இருக்காது.

வானவில் பின்னைக் கடையில் வாங்கும்போது மூன்றாக வாங்குங்கள், கோட்டுக்கு ஒன்று. கோட்டை மாற்றும் வாரத்தில் பின்னை மாற்றிக் குத்த மறந்துபோகும். மற்றவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். கடைசி வரிசையில் வாராவாரம் அதைத் தேடுகிற பிள்ளை மட்டும், இவரும் கழற்றிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும்.