சருகைக் கொளுத்திவிட்டு உரக்குழி வெட்டுகிறோம்

போன வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உரக்குழிப் பேச்சு மறுபடி எழுந்தது. திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளி. சத்துணவு பல வருடமாக உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது; எங்கள் ஊருக்கு அடுத்த ஆண்டு வந்தது. ஆக, இப்போது இரண்டு வேளைக் கழிவு. வெங்காயத் தோல், கத்தரிக்காய்க் காம்பு, தட்டோரம் ஒதுக்கிய கறிவேப்பிலை, அப்புறம் முட்டை ஓடு. 120 பிள்ளைகள், வாரம் ஐந்து முட்டை என்றால் 600 ஓடு.

"மக்க வைத்தால் தோட்டத்துக்கு ஆகுமே" என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. உரக்குழிக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள், முதல் குழிக்கு மண்வெட்டி பிடித்தவனே நான்தான்.

அந்தக் குழி இரண்டு வாரம் தாங்கவில்லை. மிஞ்சிய சோறும் சாம்பாரும் விழுந்து விழுந்து களியாக இறுகிவிட்டது. நாற்றம் மூன்றாம் வகுப்பு ஜன்னல் வரை போனது. ஈ மொய்த்தது, நாய் கிளறியது, கடைசியில் மண்ணைத் தள்ளி மூடினோம். "சமைச்ச கழிவெல்லாம் மக்காதுப்பா" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

அதே நாட்களில், அதே வளாகத்தின் பின்புறம், வேப்பஞ்சருகையும் பூவரசு இலையையும் கூட்டிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தோம். குழிக்குத் தேவைப்பட்டது அதுதான்!

மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குப் பச்சைக் கழிவில் உள்ள நைட்ரஜனும் வேண்டும், சருகில் உள்ள கார்பனும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் முப்பது பங்கு கார்பன். சருகு இன்னொரு வேலையும் செய்கிறது: ஈரத்தை உறிஞ்சி, இடையில் காற்றுக்கு வழி விடுகிறது. காற்றில்லாத இடத்தில் சோறு மக்காது, அழுகும். நாற்றம் வருவது அதனால்தான். ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி சருகு என்பது நான் வீட்டில் பழைய டிரம்மில் துளை போட்டுப் பழகிய கணக்கு. முட்டை ஓட்டை மட்டும் காயவைத்து நொறுக்கிப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எட்டாம் நாள் காலையில் கிளறியபோது ஆவி எழும்பியது. என் மகள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இட்லிச் சட்டியத் தொறந்த மாதிரி இருக்குப்பா" என்றாள். நாற்றமே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். பள்ளி திறப்பதோ ஜூனில். இப்போது கொளுத்திவிட்டால் ஜூனில் சருகுக்கு எங்கே போவது? அதனால் முதல் வேலை குழி வெட்டுவது அல்ல. சாக்கில் சருகு கட்டி, மழை படாத மூலையில் அடுக்குவது.

யார் செய்வது என்றதும் எல்லோரும் சமையல் அக்காவைப் பார்த்தார்கள். "நான் கொழம்பு தாளிக்கவா, குழியக் கெளறவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளை வைத்துச் செய்யலாம் என்றார் ஒருவர். எந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். அவரவர் தட்டை அவரவரே வாளியில் தட்டட்டும், அது எல்லாப் பிள்ளைக்கும் பொது. கிளறுவது குழுவில் உள்ள பெற்றோர் வேலை, வாரம் ஒருவர், சனிக்கிழமை அரை மணி நேரம். கையெழுத்துப் போட மட்டும் குழுவில் இருக்கிறோமா என்ன?

முதல் முறை என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சருகு கட்டப் போகிறேன். சத்துணவு அரிசிச் சாக்கைக் கேட்டு அமைப்பாளரைச் சங்கடப்படுத்த வேண்டாம். வீட்டில் பழைய உரச் சாக்கு கிடந்தால் கொண்டுவாருங்கள், ஒருமுறை அலசிக் காயவைத்தால் போதும்.