போர்டு சிமுலேஷனில் நாம் விட்டுவிடும் 15 மில்லிமீட்டர்

போர்டின் அடுக்கு அமைப்பான ஸ்டாக்கப்பை மைக்ரான் கணக்கில் சரிபார்க்கிறோம். வையா ஸ்டப்பின் (அடுக்குகளை இணைக்கும் துளையில் பயன்படாமல் நீளும் பகுதி) நீளத்துக்காக, போர்டு தயாரிக்கும் ஃபேப் ஹவுஸோடு மல்லுக்கட்டுகிறோம். பிறகு சிமுலேஷன் ஓட்டும்போது, சிப்புக்கு அடியில் சால்டர் பந்திலிருந்து டை (சிலிக்கன் துண்டு) வரை ஓடும் 10, 15 மில்லிமீட்டர் பேக்கேஜ் பாதைக்கு, ஐபிஸ் ஃபைலில் (சிப் கம்பெனி தரும் சிமுலேஷன் மாடல்) என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்பிவிடுகிறோம். டிடிஆர்4 மெமரி, அதற்கு மேற்பட்ட வேகங்களில் இது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த ஃபைலின் பேக்கேஜ் பகுதியைத் திறந்து பார்க்காமல் வரைந்த ஐ டயகிராமை (பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி சிக்னலின் தரத்தைக் காட்டும் படம்) வைத்து போர்டுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

முதலில் ஐபிஸ் ஃபைலை சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள். பேக்கேஜ் விவரம் அதில் மூன்று மட்டங்களில் இருக்கலாம். 'பேக்கேஜ்' என்ற கீவேர்டுக்குக் கீழே மொத்த சிப்புக்கும் பொதுவாக ஒரு ஆர் (ரெசிஸ்டன்ஸ்), ஒரு எல் (இண்டக்டன்ஸ்), ஒரு சி (கெபாசிட்டன்ஸ்). இது கட்டாயம் இருந்தாக வேண்டிய பகுதி. அடுத்தது, பின் பட்டியலில் ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனி ஆர்-பின், எல்-பின், சி-பின். மூன்றாவது, தனியாக எழுதப்பட்ட பேக்கேஜ் மாடல். பின்னால் சொன்ன மட்டம் இருந்தால் முன்னால் சொன்னதை டூல் எடுத்துக்கொள்ளாது. முதல் மட்டம் மட்டும் இருந்தால் எல்லாப் பின்னுக்கும் ஒரே மதிப்பு. மூலையில் இருக்கும் பின்னும் டைக்கு நேர் கீழே இருக்கும் பின்னும் அங்கே ஒன்றுதான். சில ஃபைல்களில் கட்டாயப் பகுதியை நிரப்புவதற்காகவே பூஜ்யம் போட்டிருப்பார்கள். ஐபிஸ் செக்கர் அதைப் பார்த்துவிட்டு எர்ரர் இல்லை என்றுதான் சொல்லும். அது பார்ப்பது இலக்கணத்தை. எண் உண்மையா என்று அதற்குத் தெரியாது.

அங்கே உள்ள குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு எண்களையும் பலர் ஸ்லோ கார்னர், ஃபாஸ்ட் கார்னர் (சிப் மிக மெதுவாகவும் மிக வேகமாகவும் இயங்கும் நிலைகள்) என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவை பின்னுக்குப் பின் மாறும் மதிப்பின் இரண்டு எல்லைகள். குட்டையான பின்னின் மதிப்பை எல்லாப் பின்னுக்கும் போட்டு ஃபாஸ்ட் கார்னர் ஓட்டினால், இல்லாத ஒரு சிப்பைத்தான் சிமுலேட் செய்கிறோம்.

இனி கணக்கு. காகிதமும் பேனாவும் போதும். எல்-ஐ சி-யால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இம்பீடன்ஸ். எல்-ஐயும் சி-யையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் டிலே. எல் 5 நானோ ஹென்றி, சி 1 பைக்கோ ஃபாரட் என்று ஃபைல் சொன்னால், இம்பீடன்ஸ் சுமார் 71 ஓம், டிலே சுமார் 71 பைக்கோ செகண்ட். இந்த இரண்டு எண்ணும் பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

டிலேயை ரைஸ் டைமோடு, அதாவது சிக்னலின் எட்ஜ் ஏற எடுக்கும் நேரத்தோடு, ஒப்பிடுங்கள். ரைஸ் டைமில் ஆறில் ஒரு பங்குக்குள் டிலே அடங்கினால் ஒரே ஒரு எல்-சி போதும். 2 நானோ செகண்ட் எட்ஜ் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் க்யூஎஃப்பி பேக்கேஜில் இருந்தால் 71 பைக்கோ செகண்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, அந்த நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடுங்கள். ஆனால் பார்க்க வேண்டியது எட்ஜை, க்ளாக்கை அல்ல. 10 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ லைனிலும் அரை நானோ செகண்ட் எட்ஜ் வரலாம். அங்கே ஆறில் ஒரு பங்கு 83 பைக்கோ செகண்ட், 71 அதற்குள் மயிரிழையில்தான் அடங்குகிறது. எட்ஜ் 100 பைக்கோ செகண்ட் என்றால் அந்த ஒற்றை எல்-சி பேக்கேஜே அல்ல, ஒரு ஃபில்டர். 5 நானோ ஹென்றியும் 1 பைக்கோ ஃபாரடும் 2.25 கிகாஹெர்ட்ஸில் ரெசொனன்ஸ் ஆகும். 100 பைக்கோ செகண்ட் எட்ஜுக்குத் தேவையான பேண்ட்விட்த்தோ 3.5 கிகாஹெர்ட்ஸ். எட்ஜ் மழுங்கும், உண்மையான சிப்பில் இல்லாத ரிங்கிங் திரையில் வரும். அந்தப் பொய் ரிங்கிங்கை அடக்க சீரிஸ் ரெசிஸ்டரை 22-லிருந்து 33 ஓமுக்கு ஏற்றினால், போர்டு வந்த பிறகு எட்ஜ் தேவைக்கு மேல் சோம்பலாகிப் போயிருக்கும்.

இம்பீடன்ஸ் எண்ணையும் விடாதீர்கள். பிளிப்-சிப் பிஜிஏ (அடியில் சால்டர் பந்துகள் உள்ள பேக்கேஜ்) சப்ஸ்ட்ரேட்டில், அதாவது டையைத் தாங்கும் உள்பலகையில், ட்ரேஸ்களை 50 ஓம் அக்கம்பக்கத்தில்தான் வடிவமைப்பார்கள். ஃபைலில் இருந்து 90, 100 ஓம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் காரணம் பார்ஷியல் இண்டக்டன்ஸ். ரிட்டர்ன் பாதையைக் கணக்கில் எடுக்காமல், கம்பியின் தனி இண்டக்டன்ஸை மட்டும் எல்-பின் என்று எழுதியிருப்பார்கள். சிக்னலுக்குத் தேவை லூப் இண்டக்டன்ஸ்: சிக்னல் கம்பியின் எல், கிரவுண்ட் கம்பியின் எல் இரண்டையும் கூட்டி, இரண்டுக்கும் இடையிலான மியூச்சுவலை இரண்டு மடங்காக்கிக் கழிக்க வேண்டும். கிரவுண்ட் பின் பக்கத்திலேயே இருந்தால் மியூச்சுவல் பெரிதாகி லூப் சுருங்கும், தூரத்தில் இருந்தால் லூப் பெருகும். வயர்பாண்டுக்கு மில்லிமீட்டருக்கு 1 நானோ ஹென்றி என்ற வாய்ப்பாடும் இதே போன்ற தோராயம்தான்.

டிலேயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், போர்டுகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். சப்ஸ்ட்ரேட்டில் சிக்னல் ஒரு மில்லிமீட்டர் கடக்க 6 முதல் 7 பைக்கோ செகண்ட் ஆகும். ஒரே பைட் லேனில் (எட்டு டேட்டா லைன்களின் தொகுதி) ஒரு டிக்யூ, அதாவது டேட்டா லைன், 10 மில்லிமீட்டர், இன்னொன்று 15 மில்லிமீட்டர் என்றால் வித்தியாசம் 30 பைக்கோ செகண்டுக்கு மேல். டிடிஆர்4-3200-ல் ஒரு பிட்டின் அகலமே 312.5 பைக்கோ செகண்ட். பத்தில் ஒரு பங்கு பேக்கேஜுக்குள்ளேயே போய்விட்டது. எஃப்பிஜிஏ (நாமே உள் சர்க்யூட்டை அமைத்துக்கொள்ளும் சிப்) கம்பெனிகள் ஒவ்வொரு பின்னின் டிலேயையும் தருகின்றன. எஃப்பிஜிஏ டிசைன் டூலான விவாடோவில் சிஎஸ்வி-யாக எக்ஸ்போர்ட் செய்தால் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு நெடுவரிசை வரும். அதை லேஅவுட் டூலில் பின் டிலேயாகப் போட்டு மேட்சிங் செய்ய வேண்டும். போடும்போது நேரமாகவே போடுங்கள். மில்லிமீட்டராக மாற்றினால் டூல் அதைப் போர்டு லேயரின் வேகத்தில் திரும்ப நேரமாக்கும். சப்ஸ்ட்ரேட்டின் வேகம் வேறு.

இந்தப் பின் டிலேயையும் வைத்துக்கொண்டு, சிமுலேஷனில் பேக்கேஜ் மாடலையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். டூல் இரண்டையும் கூட்டிவிட்டால் ஒரே பாதை இரண்டு தடவை எண்ணப்படும். திரையில் ஸ்க்யூ (லைன்களுக்கு இடையிலான நேர வித்தியாசம்) விநோதமாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அதே போர்டு ஃபுட்பிரிண்டில் பெரிய டை உள்ள எஃப்பிஜிஏவை மாற்றிப் போடும்போதும் பின் டிலே பட்டியல் மாறிவிடும். பின்அவுட் ஒத்துப்போகிறது என்பதற்காகப் பழைய பட்டியலோடு போகாதீர்கள்.

கிராஸ்டாக், அதாவது பக்கத்து லைனின் சிக்னல் கசிவது, இன்னொரு ஓட்டை. தனித்தனி ஆர், எல், சி எழுதிய ஃபைலில் பின்னுக்கும் பின்னுக்கும் இடையே கப்ளிங்கே இல்லை. போர்டில் மூன்று மடங்கு இடைவெளி விட்டுப் பிரித்து வைத்த லைன்கள் பேக்கேஜுக்குள் நெருக்கியடித்து ஓடுகின்றன, அது சிமுலேஷனில் வரவே வராது. ஐபிஸின் பழைய பேக்கேஜ் மாடல் வடிவத்தில் ஒரு இக்கட்டு உண்டு: பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதினால் கப்ளிங்கை எழுத முடியாது, கப்ளிங் மேட்ரிக்ஸ் எழுதினால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். 2019-ல் வந்த ஐபிஸ் 7.0-தான் டச்ஸ்டோன் ஃபைலையும் (ஃப்ரீக்வென்சி வாரியான எஸ்-பாராமீட்டர் அட்டவணை) ஸ்பைஸ் சப்சர்க்யூட்டையும் (சிமுலேட்டருக்கான சர்க்யூட் விவரிப்பு) பேக்கேஜாக நேரடியாக இணைக்க வழி செய்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சிப் கம்பெனிகள் ஒற்றை வரி ஆர்-எல்-சி-யைத் தந்துவிட்டு நகர்வதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கிரவுண்ட் பவுன்ஸும் அப்படித்தான். 16 அவுட்புட் ஒரே சமயத்தில் மாறுகின்றன, ஒவ்வொன்றிலும் 1 நானோ செகண்டில் 20 மில்லியாம்ப் கரண்ட் மாறுகிறது, பொதுவான கிரவுண்ட் பாதையின் இண்டக்டன்ஸ் 1 நானோ ஹென்றி. பெருக்கினால் 0.32 வோல்ட். டையின் கிரவுண்டே அவ்வளவு துள்ளுகிறது. சாதாரண ஐபிஸ் சிமுலேஷனில் சப்ளையும் கிரவுண்டும் ஆடாமல் அசையாமல் நிற்கும், இந்த 0.32 வோல்ட் எங்கும் தெரியாது. ஐபிஸ் 5.0-ல் வந்த பவர் அவேர் டேபிள்கள் (சப்ளையின் ஆட்டத்தையும் கணக்கில் எடுப்பவை) பஃபரில், அதாவது சிப்பின் இன்புட்/அவுட்புட் சர்க்யூட் மாடலில், இருக்க வேண்டும், பேக்கேஜ் மாடலில் பவர், கிரவுண்ட் பாதைகளும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை.

ஆகவே சிப் கம்பெனிக்கு எழுதும் மெயிலில் 'பேக்கேஜ் மாடல் அனுப்புங்கள்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். முழுப் பார்ட் நம்பர், பேக்கேஜ் கோடு, எந்தப் பைட் லேன் என்று குறிப்பிடுங்கள். 8 டிக்யூ, 2 டிக்யூஎஸ் (ஸ்ட்ரோப் ஜோடி), 1 டிஎம் (டேட்டா மாஸ்க்): 11 சிக்னல், இரண்டு முனையும் சேர்த்து 22 போர்ட். பவரைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஃப்ரீக்வென்சி டிசி-யிலிருந்து 15 அல்லது 20 கிகாஹெர்ட்ஸ் வரை, ஸ்டெப் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மிகாமல் கேளுங்கள். எந்தப் போர்ட் எந்தப் பின் என்ற பட்டியல் இல்லாத டச்ஸ்டோன் ஃபைலை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே-வெளியே ஜோடியை 1-2, 3-4 என்று ஒருவர் எழுதுவார், 1-12, 2-13 என்று இன்னொருவர் எழுதுவார். மாற்றி இணைத்தால் கிராஸ்டாக் பாதையை த்ரூ பாதையாக நினைத்து டூல் ஓட்டிக்கொண்டிருக்கும்.

சால்டர் பந்து மாடலுக்குள் இருக்கிறதா, அதன் கீழே போர்டு பேடையும் சேர்த்து எக்ஸ்ட்ராக்ட் செய்தார்களா என்றும் கேளுங்கள். சேர்த்திருந்தால், உங்கள் போர்டு மாடலிலும் அதே பேட் இருக்கும், கெபாசிட்டன்ஸ் இரட்டிப்பாகும். மல்டி-கிகாபிட் லைனில் இது ரிட்டர்ன் லாஸில் (எதிரொலித்துத் திரும்பும் சிக்னலின் அளவு) அப்பட்டமாகத் தெரியும்.

ஃபைல் வந்ததும் பாசிவிட்டி (மாடல் தானாக சக்தியை உருவாக்காமல் இருப்பது), காசாலிட்டி (இன்புட்டுக்கு முன்பே அவுட்புட் வராமல் இருப்பது), ரெசிப்ராசிட்டி (இரு திசையிலும் ஒரே மாதிரி கடத்துவது) மூன்றையும் சோதியுங்கள். டிசி பாயிண்ட் இல்லாத ஃபைலில் டூல் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும், நேரப்படி ஓடும் டிரான்சியண்ட் சிமுலேஷனில் வோல்டேஜ் லெவல் நகர்ந்து நிற்கும். ஒரு சிக்னலை மட்டும் எடுத்து 50 ஓம் ஸ்டெப் கொடுத்து டிலேயை அளந்து, பின் டிலே பட்டியலோடு ஒப்பிடுங்கள். போர்ட் இணைப்பில் பிழை இருந்தால் அங்கேயே பிடிபடும்.

ரிசல்ட்டை எங்கே பார்ப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். ஆஸிலோஸ்கோப்பில் அளப்பது பின்னில். ரிசீவர் முடிவெடுப்பது டையில். பின்னில் தெரியும் மேடு பள்ளம் டையில் இல்லாமல் போகலாம், நேர்மாறாகவும் நடக்கும். லேபில் எடுத்த வேவ்ஃபார்மோடு ஒப்பிட சிமுலேஷனையும் பின்னில் பாருங்கள், மார்ஜினை டையில் பாருங்கள்.

என்க்ரிப்ட் செய்த ஸ்பைஸ் மாடல் தருவதைச் சிலர் பெரிய சலுகை போலச் சொல்கிறார்கள். அது நம்மை ஒரே சிமுலேட்டரோடு கட்டிப்போடும், உள்ளே என்ன இருக்கிறது என்று சரிபார்க்கவும் விடாது. பேசிவ் கம்பிகளுக்கு என்க்ரிப்ஷன் எதற்கு? டச்ஸ்டோனே கேளுங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லையா? பின் டிலேயை எடுத்து அதே நேரம் உள்ள ஒரு டிரான்ஸ்மிஷன் லைனாகப் போடுங்கள். டிலே பட்டியலும் இல்லையென்றால் பேக்கேஜ் டிராயிங்கில் இருந்து கணக்கிடலாம்: 23 மில்லிமீட்டர் உடல், 8 மில்லிமீட்டர் டை என்றால் பக்கவாட்டில் அதிகபட்சம் 7.5, மூலைக்கு 10.6 மில்லிமீட்டர், வளைவு நெளிவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இம்பீடன்ஸை 40, 50, 60 ஓம் என மூன்று தடவை மாற்றி ஓட்டுங்கள். இதில் கிராஸ்டாக் இல்லை, அதற்குத் தனியாக மார்ஜின் ஒதுக்குங்கள். மூன்றிலும் ஐ திறந்திருந்தால் போர்டை அனுப்பலாம். ஒன்றில் ஐ மாஸ்க்கை (சிக்னல் நுழையக் கூடாத பகுதி) தொட்டாலும் உண்மையான மாடல் கைக்கு வரும்வரை, போர்டு தயாரிப்புக்கான கெர்பர் ஃபைலை வெளியே விடாதீர்கள்.