கீழடிக்கு ஒரு கடிகாரம், பூமிக்கு வேறொரு கடிகாரமா?

பூமிக்கு வயது ஆறாயிரம் ஆண்டுகள்தான் என்று சொல்லும் ஒரு கையேடு இந்தக் கோடை விடுமுறையில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகளின் கைகளில் புழங்குகிறது. அதன் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் அனுப்புகிறார்கள். யார் அச்சிட்டார்கள், யார் கொடுத்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. உள்ளே இருக்கும் வாதங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கப் பெண். பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். இந்த இரண்டில் ஒன்றை நீ விட்டுவிட வேண்டும் என்று அந்தக் கையேடு என் மாணவிகளிடம் சொல்கிறது. பூமிக்குக் கோடிக்கணக்கான வயது என்று ஏற்றுக்கொள்கிறவர் கடவுளை மறுக்கிறார் என்று அதில் எழுதியிருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! நாளைக்கு அவள் கல்லூரிக்குப் போவாள். கதிரியக்கம் படிப்பாள். கணக்கு சரியாக இருப்பதைத் தானே போட்டுப் பார்ப்பாள். அன்று எதைத் தூக்கி எறிவாள்?

முதலில் அந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வேதாகமத்தில் அப்படி ஓர் எண் எங்கும் இல்லை. அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர், வம்ச வரலாறுகளில் வரும் வயதுகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004இல் நடந்தது என்று 1650இல் எழுதினார். தம் காலத்தில் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு உழைத்த கல்விமான் அவர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர் கணக்குப்படி நோவாவின் வெள்ளம் கி.மு. 2348இல் வர வேண்டும். மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் செழித்திருந்த காலம் அது. அந்த நகரங்களில் உலகத்தையே மூழ்கடித்த வெள்ளத்தின் தடயம் இல்லை. மக்கள் அந்த ஆண்டுக்கு முன்பும் வாழ்ந்தார்கள், பின்பும் வாழ்ந்தார்கள்.

கையேட்டின் முதல் குறி கார்பன் காலக்கணிப்பு. அது பொய்யாம், நம்பக்கூடாதாம். இதைப் பகிர்ந்தவர்களில் பலர் கீழடியைப் பற்றி நாள்தோறும் பெருமையோடு எழுதுகிறவர்கள். செட்டிநாட்டுப் பாணியில் கட்டிய கீழடி அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள். நம் மாவட்டத்து மண்ணிலிருந்து எடுத்த மாதிரி கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எப்படித் தெரிந்தது? கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் சொல்லித்தான் தெரிந்தது. கீழடிக்கு வந்தால் அது அறிவியல், ஆறாயிரம் ஆண்டுகளை இடித்தால் அது பொய் என்றால் எப்படி?

உயிரோடு இருக்கும் வரை மரமும் மாடும் மனிதனும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பனை ஏற்றுக்கொண்டே இருக்கின்றன. இறந்ததும் அது நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் கார்பன் 14 ஒவ்வொரு 5730 ஆண்டுகளுக்கும் பாதியாகக் குறைகிறது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகள் போனபின் அளக்கும்படி எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே பூமியின் வயதைக் கார்பனை வைத்து எந்தப் புவியியலாளரும் கணித்ததில்லை. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி, அது தவறு என்று நிரூபிக்கிறார்கள்.

உயிருள்ள நத்தையின் ஓட்டுக்குக் கார்பன் முறை ஆயிரக்கணக்கான ஆண்டு வயது காட்டியது என்பது அடுத்த வாதம். உண்மைதான். 1963இல் வெளியான ஆய்வு அது. ஆனால் அந்த ஆய்வாளர்களே காரணத்தையும் எழுதியிருந்தார்கள். ஆற்று நீரில் வாழும் நத்தை, பழைய மட்கிலிருந்தும் கரைந்த சுண்ணாம்புப் பாறையிலிருந்தும் வரும், கார்பன் 14 குறைந்துபோன பழைய கார்பனைக் கொண்டு ஓட்டைக் கட்டுகிறது. அதனால்தான் கிளிஞ்சல் மாதிரிகளுக்குத் திருத்தம் போடுகிறார்கள். கையேடு முடிவை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிட்டது. விளக்கம் அதே கட்டுரையில் இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது.

அடுத்தது கடல் உப்பு. இந்த வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆறுகள் ஆண்டுதோறும் கடலுக்கு உப்பைக் கொண்டுபோகின்றன. கடலில் இருக்கும் மொத்த உப்பை ஆண்டு வரவால் வகுத்தால் கடலின் வயது வரும் என்கிறார்கள். இது புதிய யோசனை அல்ல. அயர்லாந்து அறிவியலாளர் ஜான் ஜோலி 1899இல் இந்தக் கணக்கைப் போட்டு எட்டு முதல் ஒன்பது கோடி ஆண்டுகள் என்று சொன்னார். கொண்டுவிற்று வாழ்ந்த ஊர் நம் ஊர். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்து ஐந்தொகை போடவில்லை. ஜோலியின் கணக்கில் செலவுப் பக்கம் பெரும்பாலும் இல்லை.

உப்பு கடலைவிட்டு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அலைத் திவலையோடு காற்றில் ஏறுகிறது. தொண்டிக் கரையில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால், ஜன்னல் கம்பி எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்வார்கள். கடலடிக் களிமண்ணில் சோடியம் பிடிபடுகிறது. கடலடி எரிமலைப் பாறையின் வெப்பத்தில் வினைபுரிந்து பாறைக்குள்ளேயே போய்விடுகிறது. பழைய கடல்கள் வற்றி உப்புப் படுகைகளாகக் கிடக்கின்றன. நம் மளிகைக் கடைகளில் விற்கும் இந்துப்பு பெரும்பாலும் பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரிலிருந்து வருகிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் அது.

இளம் பூமிக் கொள்கையைச் சேர்ந்த ஸ்டீவ் ஆஸ்டினும் ரஸ்ஸல் ஹம்ப்ரீஸும் 1990இல் இந்தக் கணக்கைத் தங்கள் கைப்படப் போட்டார்கள். கடலுக்கு அதிகபட்சம் 6 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் என்று விடை வந்தது. அதிகபட்சம் என்றாலும், அந்த எண்ணிலிருந்து ஆறாயிரத்துக்கு வர எந்த வழியும் அந்தக் கணக்கில் இல்லை. அதே முறையை அலுமினியத்துக்குப் போட்டால் சில நூறு ஆண்டுகள்தான் வரும். அதாவது ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியபோது கடலே இல்லை என்றாகும். உப்பு வருவதும் போவதுமாக இருக்கிறது. அதை வைத்து வயது சொல்ல முடியாது.

எரிமலை வாதத்தையும் பலர் அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1986இல் உறைந்த பாறையை ஆஸ்டின் ஆய்வகத்துக்கு அனுப்பினார். பொட்டாசியம்-ஆர்கான் முறை அதற்கு மூன்றரை லட்சம் ஆண்டுகள் என்றும், உள்ளே இருந்த சில தாதுப் படிகங்களுக்கு 28 லட்சம் வரையிலும் வயது காட்டியது. சிதையும்போது ஆர்கான் வாயுவை உண்டாக்கும் பொட்டாசியம் 40 பாதியாவதற்கு 125 கோடி ஆண்டுகள் ஆகும். பத்தாண்டுப் பாறையில் அது உண்டாக்கும் ஆர்கானை அளக்கவே இயலாது. அப்படியிருக்க, எரிமலைக் குழம்பில் முன்பே உறைந்திருந்த படிகங்களில் சிக்கிய பழைய ஆர்கான்தான் கருவியில் தெரியும். இதன் மறுபக்கத்தைக் கையேடு சொல்லவில்லை. இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்து பொம்பேய் நகரை மூடியது வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. அந்தச் சாம்பலைத் திருத்தமான ஆர்கான் முறையில் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். விடை 1925 ஆண்டுகள், 94 கூடுதலோ குறைவோ இருக்கலாம். அப்போது அதன் உண்மையான வயது 1918 ஆண்டுகள்.

"கதிரியக்க அணுக்கள் சிதையும் வேகம் அன்று வேறாக இருந்திருக்கலாமே?" என்ற கேள்வி நல்ல கேள்வி. ஒரு மாணவி கேட்டால் நான் மகிழ்வேன். 1987இல் ஒரு விண்மீன் வெடித்ததை உலகமே பார்த்தது. ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவில் நடந்தது அது. அங்கே உண்டான கோபால்ட் 56 நம் ஆய்வகத்தில் 77 நாளில் பாதியாவது போலவே அங்கும் பாதியாகி ஒளி மங்கியது. நாம் பார்த்தது பழைய காலத்தின் ஒளி, வேகமோ இன்றைய வேகம். இளம் பூமிக் கொள்கையினர் 1997 முதல் 2005 வரை நடத்திய 'ரேட்' என்ற ஆய்வுத் திட்டமும் ஒன்றை ஒப்புக்கொண்டது. இன்றைய வேகத்தில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் நடக்க வேண்டிய சிதைவு பாறைகளில் நடந்திருக்கிறது என்பதே அது. அதைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்க வேகத்தைக் கூட்டினார்கள். அப்படியானால் வெளிப்படும் வெப்பம் பூமியையே உருக்கியிருக்கும். அந்த வெப்பத்துக்கு விடை இல்லை என்றும் அவர்களே எழுதினார்கள். இந்த நேர்மை கையேட்டில் இல்லை.

பூமியின் வயதை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் சிர்கான் என்ற கனிமம் கிடைக்கிறது. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை ஏற்றுக்கொள்ளாது. எனவே பின்னர் உள்ளே காணப்படும் காரீயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாக 447 கோடி ஆண்டுகள், 235 பாதியாக 70 கோடி ஆண்டுகள். ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் இவை. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால்தான் ஏற்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் 440 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. பூமியோடு சேர்ந்து உருவான விண்கற்களின் காரீயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956இல் 455 கோடி ஆண்டுகள் என்றார். காற்றிலிருந்து காரீயம் மாதிரிகளில் கலந்துவிடாமல் இருக்க ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் சுத்தம் செய்து போராடிய மனிதர் அவர். அந்தக் காரீயம் பெட்ரோலிலிருந்து வருகிறது என்று கண்டு அதை எதிர்த்தும் போராடினார். இன்றைய கணக்கு 454 கோடி. அறிவியலாளர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று கதிரியக்கத்தோடு தொடர்பே இல்லாதது. பவளங்கள் நாளுக்கு ஒரு மெல்லிய வரியாகவும் ஆண்டுக்கு ஒரு பட்டையாகவும் வளர்கின்றன. டெவோனியன் என்று புவியியலாளர்கள் பெயரிட்ட பழங்காலத்துப் பவளப் படிமங்களைத் தொல்லுயிரியலாளர் ஜான் வெல்ஸ் எண்ணிப் பார்த்து, ஓர் ஆண்டில் ஏறத்தாழ 400 நாட்கள் இருந்தன என்று 1963இல் வெளியிட்டார். நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதம் பூமியின் சுழற்சியைத் தளர்த்திக்கொண்டே வருகிறது. நிலவும் ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. அந்தத் தளர்ச்சியைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், 400 நாள் ஆண்டு ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வருகிறது. பாறையின் யுரேனியமும் அந்தக் காலத்தைத்தான் சொல்கிறது. பவளத்துக்கு யுரேனியத்தைப் பற்றி என்ன தெரியும்?

இதைப் படித்து மகிழும் இந்து நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ஆறாயிரம் என்கிறார்களே! நம் முன்னோர் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்று அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று சிலர் பின்னூட்டம் இடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நம் முன்னோர் அவ்வளவு பெரிய காலத்தை எண்ணிப் பார்த்தது வியப்புக்குரியது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் புராணக் கணக்கின்படியே அந்தப் பகல் இன்னும் பாதிகூட முடியவில்லை. இதுவரை கழிந்தது ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகள்தான். 454 கோடியோடு அது பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும் அது அளந்து கண்டது அல்ல. பிடித்த விடையோடு ஒத்துப்போகும்போது மட்டும் அறிவியலைக் கையில் எடுப்பது யார் செய்தாலும் தவறுதான்.

என் சபை மக்களிடம் சொல்கிறேன். இயற்கையைப் பற்றி அறிந்த பிறரிடம் கிறிஸ்தவர்கள் அறியாமல் பேசி வேதத்தை ஏளனத்துக்கு உள்ளாக்கக்கூடாது என்று புனித அகுஸ்தினார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்திருக்கிறார். பாறை அடுக்குகளில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்ற அடிப்படை விதியை 1669இல் எழுதியவர் நிக்கோலஸ் ஸ்டெனோ. பின்னர் அவர் குருவானார், ஆயரானார். 1988இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தது. புவியியலுக்கு அடித்தளம் இட்டவரைத் திருச்சபை பீடத்தில் வைத்திருக்கிறது. அவருடைய அறிவியலைப் படிப்பதால் விசுவாசம் போய்விடும் என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

கையேட்டைக் கொடுத்த அன்பர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், நம் ஊர் அவ்வளவு சிறியது. உப்புக் கணக்கும் சிர்கான் கணக்கும் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் போடக்கூடியவைதான். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் போட்டுப் பார்ப்போம். அதுவரை அடுத்த கட்டுப் புத்தகங்களை எங்கள் தெருவில் கொடுக்காதீர்கள்.